பரீட்சை நாளும் காலை உணவும்

பரீட்சைக்குப் புறப்படும் பிள்ளையிடம் வீட்டார் கேட்கும் கேள்விகள் பல. அனுமதி அட்டையை எடுத்தாயா, அடையாள அட்டை எங்கே, பேனா இரண்டு இருக்கின்றனவா, நேரத்துக்குப் பேருந்து கிடைக்குமா என்றெல்லாம் வினாவுவர். இவை யாவும் வேண்டிய வினாக்களே. ஆயினும், மூன்று மணித்தியாலம் ஓரிடத்தில் அமர்ந்து, படித்ததை நினைவிற் கொணர்ந்து, ஆராய்ந்து எழுதப்போகும் அந்தப் பிள்ளையின் வயிற்றில் என்ன இருக்கிறது என்ற வினா, பல வீடுகளிற் கடைசியாகவே எழுகிறது. சில வீடுகளில் அது எழுவதேயில்லை.

இவ்விடயத்தில் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. பதற்றத்தினாலோ, நேரமின்மையினாலோ, வீட்டில் ஒன்றும் இல்லாமையினாலோ வெறுவயிற்றோடு பரீட்சை மண்டபத்துக்குச் செல்வது ஒன்று. அன்றைக்கென்று ஏதோ ஓர் அரிய உணவையோ மருந்தையோ தேடி உண்டால் மூளை கூர்மையடையும் என்று நம்புவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள நேரிய வழி யாது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். இதனைத் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரை முன்வைத்து ஆராய்வது பொருத்தமாகும். உணவும் கல்வியும் ஒன்றையொன்று எத்துணை சார்ந்துள்ளன என்பதைப் பட்டறிந்த ஊர் அது.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூருக்குக் கிழக்கே அமைந்தது சம்பூர். குடாவின் எதிர்ப்புறத்தே திருகோணமலைத் துறைமுகம் விளங்குகிறது. நாட்டின் நீண்ட நதியாகிய மகாவலி கங்கை இந்தக் குடாவிலேயே கடலோடு கலக்கிறது. வயலில் நெல்லும், கடலில் மீனும், பட்டியில் மாடும், வளவில் முருங்கையும் வாழையும் என வாழ்ந்த மக்கள் இவ்வூரார். பணம் குறைந்த வீட்டிலும் காலையில் ஒரு வாய் பிட்டுக்கோ பழஞ்சோற்றுக்கோ பெரும்பாலும் குறைவிருந்ததில்லை.

2006 ஏப்ரலில் போர் இவ்வூரைச் சூழ்ந்தது. மக்கள் ஊரைவிட்டு நீங்கினர். அவ்வாண்டு செப்டம்பரில் சம்பூர் இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பின்னர் அது அதியுயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அதில் ஒரு பகுதி கைத்தொழிலுக்கென ஒதுக்கப்பட்டது. ஊரார் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடங்களில் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கினர். 2015ஆம் ஆண்டில் நிலத்தின் ஒரு பகுதியும், 2016 மார்ச்சிற் கடற்படை முகாம் அமைந்திருந்த பகுதியும் மக்களிடம் மீண்டன. இடைப்பட்ட காலம் ஏறக்குறையப் பத்தாண்டு.

பத்தாண்டு என்பது ஒரு பிள்ளையின் பாடசாலை வாழ்வு முழுவதும் ஆகும். 2006இல் முதலாந் தரத்திற் சேர்ந்த சம்பூர்ப் பிள்ளை, இடம்பெயர்ந்த நிலையிலேயே 2010இல் ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு உரிய வயதை அடைந்தது. அதே பிள்ளை க.பொ.த. சாதாரண தரத்துக்கு வந்தபோது ஆண்டு 2016. அந்தத் தலைமுறையின் பாடப் புத்தகங்களைப் பற்றியும் கொட்டகை வகுப்பறைகளைப் பற்றியும் பலர் பேசியிருக்கின்றனர். அவர்களுடைய காலை உணவைப் பற்றிப் பேசியவர் மிகச் சிலரே.

இடம்பெயர்ந்தோருக்கு வழங்கப்பட்ட நிவாரணப் பங்கீட்டில் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் ஆகியன இருந்தன. உயிரைக் காத்த உணவு அது. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆனால் மீனும் முட்டையும் தயிரும் கீரையும் பழமும் மூட்டையில் வருவன அல்ல. அவை கடலிலிருந்தும் கூட்டிலிருந்தும் பட்டியிலிருந்தும் வேலியோரத்திலிருந்தும் வருவன. கடலும் வளவும் கைவிட்டுப்போன மக்களுக்கு அவையும் கைவிட்டுப்போயின. வயிறு நிரம்பலாம், உடல் வேண்டுவன யாவும் அதனாற் கிடைத்துவிடா.

உடல் வேண்டுவன யாவை, குறிப்பாக எழுதும் வேளையில் மூளை வேண்டுவது யாது என்பதை இனிக் காண்போம்.

மனித மூளை உடல் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 2 பங்கே. ஆனால் உடல் ஓய்ந்திருக்கும்போது செலவிடும் சக்தியில் ஏறக்குறைய நூற்றுக்கு 20 பங்கை அது பெற்றுக்கொள்கிறது. வளர்ந்த ஒருவரின் மூளை நாளொன்றுக்கு ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோசைப் பயன்படுத்துகிறது. வியப்பு யாதெனில், கடினமான கணக்கைத் தீர்க்கும்போதும் இந்தச் செலவு பெரிதாக உயர்வதில்லை. எனவே பரீட்சை நாளில் இருமடங்கு உண்ண வேண்டிய தேவை இல்லை. வேண்டப்படுவது அளவின் மிகுதி அன்று, இடையறாத ஓட்டமே. குளத்து நீர் வாய்க்கால் வழியே சீராக ஓடினால் வயல் விளையும். ஒரே முறையில் அணையைத் திறந்துவிட்டால் வரம்பு உடையும். பின்னர் வாய்க்கால் வறண்டு கிடக்கும். குருதியிற் குளுக்கோசின் நிலையும் அவ்வாறே.

இரவு எட்டு மணிக்கு உண்ட பிள்ளை காலையில் ஒன்றும் உண்ணாமற் சென்றால், பரீட்சை தொடங்கும் எட்டரை மணிக்குள் பன்னிரண்டரை மணித்தியாலம் கடந்துவிடுகிறது. மூன்று மணித்தியால வினாத்தாளை முடித்து எழும்போது அந்த இடைவெளி பதினைந்து மணித்தியாலத்துக்கு மேலாகிறது. இக்காலம் முழுவதும் மூளைக்கு உணவளிப்பது ஈரலாகும். நன்றாக உண்டு வளர்ந்த ஒருவரின் ஈரலில் ஏறக்குறைய 100 கிராம் அளவுக்குக் கிளைக்கோசன் என்னும் சேமிப்பு இருக்கும். இரவு முழுவதும் அது சிறிது சிறிதாகக் கரைந்து குருதியிற் சேர்கிறது. அது குறையும்போது உடல் வேறு வழிகளிற் குளுக்கோசை ஆக்கிக்கொள்ளும். ஆதலால் வெறுவயிற்றோடு செல்லும் எல்லாப் பிள்ளைகளும் மயங்கி விழுவதில்லை. ஆயின், வயல் பெரிதாயினும் சிறிதாயினும் விதைநெல் இல்லாத வீட்டில் விளைச்சல் குன்றுவதுபோல, சேமிப்பு மெலிந்த உடலில் இந்த ஏற்பாடு தளர்கிறது.

இதனைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று மேற்கிந்தியத் தீவாகிய ஜமேக்காவில் நடைபெற்று 1989இல் வெளியாயிற்று. சிமியோன், கிராந்தம் மக்கிரகர் என்னும் இருவர், ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளை மூன்று கூட்டத்தாராகப் பிரித்து ஆராய்ந்தனர். நன்கு வளர்ந்த பிள்ளைகள் ஒரு கூட்டம். வயதுக்கேற்ற உயரம் வளராத பிள்ளைகள் ஒரு கூட்டம். குழந்தைப் பருவத்திற் கடும் ஊட்டக்குறைவால் நோயுற்ற பிள்ளைகள் மற்றொரு கூட்டம். ஒரு நாள் காலை உணவு கொடுத்தும், மற்றொரு நாள் கொடாமலும் அவர்களின் சிந்தனைத் திறன் சோதிக்கப்பட்டது. நன்கு வளர்ந்த பிள்ளைகள் ஒரு வேளையை இழந்தும் பெரிதும் தளரவில்லை. ஏனைய இரு கூட்டத்தாரும் காலை உணவு இல்லாத நாளிற் சில சோதனைகளிற் பின்தங்கினர்.

இதன் பொருளை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒரே பரீட்சை மண்டபத்தில், ஒரே வினாத்தாளின் முன், இரு பிள்ளைகள் வெறுவயிற்றோடு அமர்கின்றனர். ஒருவர் நாளும் நன்றாக உண்பவர். அன்று பதற்றத்தால் உண்ணவில்லை. மற்றவர் பல நாள் அரைவயிறு உண்பவர். அன்று இல்லாமையால் உண்ணவில்லை. தவறிய உணவு இருவருக்கும் ஒன்றே. இழப்போ ஒன்றன்று. இல்லாத பிள்ளையிடமே அது கூடுதலான விலையைப் பெற்றுக்கொள்கிறது. ஆகவே பரீட்சைக் காலை உணவு என்பது வசதியுள்ள வீட்டாரின் நுணுக்கமான கவலை அன்று. வறிய பிள்ளைக்கே அது முதன்மையான தேவை.

அவ்வாறாயின் எதை உண்பது? விடை எளிது: வீட்டில் வழக்கமாக உண்ணும் உணவையே உண்ண வேண்டும். ஆனால் அந்த உணவில் இரண்டு பகுதிகள் இருத்தல் நலம். மெல்ல மெல்லச் செரித்துக் குளுக்கோசைத் தரும் தானியம் ஒன்று. அதனோடு சேர்ந்து பசியைத் தள்ளிவைக்கும் புரத உணவு ஒன்று. தவிடு நீங்காத சிவப்பரிசியும் குரக்கனும் பயறும் கௌபீயும் வெள்ளை மாவைக்காட்டிலும் மெல்லச் செரிப்பன. முட்டை, மீன், பருப்பு, தயிர் ஆகியன உடன் சேரும்போது அந்த ஓட்டம் மேலும் சீராகிறது.

இவற்றைத் தேடிக் கடைத்தெருவுக்குச் செல்ல வேண்டியதில்லை. சிவப்பரிசி மாவில் அவித்த பிட்டும், ஒரு முட்டையும், ஒரு வாழைப்பழமும் சிறந்த பரீட்சை உணவு. இடியப்பமும் பருப்புக் கறியும் அவ்வாறே. முந்தின நாள் கடலில் அகப்பட்ட சூடை மீனோ கீரி மீனோ குழம்பாக இருப்பின் அதுவும் நன்று. விலை குறைந்த அச்சிறு மீன்கள் பெரிய மீன்களுக்கு ஊட்டத்திற் பிற்பட்டன அல்ல. அவித்த பயற்றோடு தேங்காய்ப்பூச் சேர்த்து உண்ணலாம். ஒன்றுக்கும் நேரமில்லாத வீட்டிற் பாணும் பருப்பும் போதும். வெறும் பாணைச் சீனி கலந்த தேநீரில் தோய்த்து உண்பதே குறையுள்ள உணவு. அதிலே விரைந்து ஏறி விரைந்து இறங்கும் மாப்பொருளும் சீனியுமே உள்ளன. பத்து மணிக்கு முன்னரே பசி தலைகாட்டும். கவனம் வினாத்தாளை விட்டு வயிற்றுக்குச் செல்லும்.

பழஞ்சோற்றைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். தயிரும் சின்ன வெங்காயமும் சேர்த்த பழஞ்சோறு, வெப்பமான கீழ்க்கரையின் காலைக்கு ஏற்ற உணவே. நாள்தோறும் உண்டு பழகிய பிள்ளை பரீட்சை நாளிலும் அதனை உண்ணலாம். ஆயினும் சோற்றை வெப்பத்தில் நெடுநேரம் வெறுமனே வைத்தால் நோய் தரும் கிருமிகள் அதிற் பெருகும். அவற்றுட் சில, மீண்டும் சூடாக்கினாலும் அழியாத நஞ்சை விட்டுச் செல்வன. எனவே சோறு ஆறியவுடன், கொதித்தாறிய சுத்தமான நீரை ஊற்றி மூடிவைத்தல் வேண்டும். மணமோ நிறமோ மாறியிருப்பின் இரக்கம் பாராது எறிந்துவிடல் வேண்டும். பழக்கமில்லாத பிள்ளை அதனைப் பரீட்சை நாளிலே தொடங்குதல் தகாது.

பரீட்சை உணவுக்குரிய முதற் சட்டமும் இதுவே: புதியது எதனையும் அன்று தொடங்கலாகாது. நண்பர் சொன்ன மாத்திரை, கடையில் விற்கும் ஊக்கபானம், விளம்பரத்திற் கண்ட மா, எண்ணெயிற் பொரித்த புதிய பலகாரம் ஆகியவற்றை வயிறு எவ்வாறு ஏற்கும் என்பதை அறியும் நாள் பரீட்சை நாள் அன்று.

உண்ணும் நேரமும் கருதத்தக்கது. முன் உண்டது செரித்ததை அறிந்து பின் உண்ணுமாறு திருக்குறளின் மருந்து அதிகாரம் அறிவுறுத்துகிறது. பரீட்சைக்கு ஒன்றரை அல்லது இரண்டு மணித்தியாலம் முன்னதாக உண்டு முடித்தல் நலம். எட்டரை மணிப் பரீட்சைக்கு ஆறரை மணியளவில் உண்பது பொருந்தும். தொலைவிலுள்ள நிலையத்துக்கு ஆறு மணிக்கே புறப்பட வேண்டிய பிள்ளைக்கு அது இயலாது. அப்பிள்ளை வீட்டிற் கொஞ்சம் உண்டு, நிலையத்தை அடைந்தபின் வாழைப்பழமோ அவித்த பயறோ உண்ணலாம். அளவு வழக்கமான காலை உணவின் அளவே. கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு அகல நெடுநேரம் எடுக்கும், மந்தமும் தரும்.

பதற்றத்தினால் ஒரு பிடியும் இறங்காத பிள்ளைகள் உண்டு. அச்சம் மேலிடும்போது உடல் செரிமானத்தை ஒத்திவைப்பது இயற்கை. அத்தகைய பிள்ளையை அதட்டி ஊட்டினால் குமட்டலே மிஞ்சும். அரிசிக் கஞ்சியோ, பால் சேர்த்த குரக்கன் கஞ்சியோ, ஒரு வாழைப்பழமும் ஒரு குவளைப் பாலுமோ கொடுத்தாற் போதும். கஞ்சி உண்ணும் உணவாகவும் பருகும் நீராகவும் ஒரே வேளையில் அமைகிறது.

இனி நீரைப் பற்றி நோக்குவோம். உயர்தரப் பரீட்சை பல ஆண்டுகள் ஆகஸ்டில் நடைபெற்றது. கீழ் மாகாணத்தில் அது கச்சான் காற்று வீசும் காலம். மலைநாட்டைக் கடந்து வறண்டு வரும் அந்தக் காற்று, மனிதர் உடலின் ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு அளவு நீர் குறைந்தாலே தலைவலியும் கவனக் குறைவும் தோன்றக்கூடும். 50 கிலோகிராம் எடையுள்ள மாணவிக்கு அது ஒரு லீற்றர் நீர். வெப்பத்தில் நடந்தும் நெரிசலான பேருந்தில் நின்றும் வரும் பிள்ளைக்கு அந்த இழப்பு அரிதன்று. மலசலகூட வசதி குறைந்த நிலையங்களில், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், வேண்டுமென்றே நீரைத் தவிர்க்கின்றனர். அவர்களைக் குறைகூறுவது நீதியன்று. வசதியைச் சீர்செய்வதே நீதி. எழுந்தவுடன் ஒரு குவளையும், உணவோடு ஒரு குவளையும் பருகி, மண்டபத்துக்கு ஒரு போத்தல் நீரைக் கொண்டுசென்று இடையிடையே சிறிது பருகுதல் போதும்.

தேநீரை முற்றாகத் தள்ள வேண்டியதில்லை. நாளும் பருகுபவர் அன்று நிறுத்தினாற் தலைவலி வரலாம். தேநீரிலும் காப்பியிலும் உள்ள கஃபீன், பருகி ஒரு மணித்தியாலத்துக்குள் குருதியில் உச்சத்தை அடைகிறது. அதன் பாதியளவு கழியவே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் ஆகும். எனவே காலையில் ஒரு கோப்பை விழிப்பைத் தரும். முந்தின இரவு பத்து மணிக்குப் பருகும் கோப்பையோ, விடியற்பொழுது மூன்று மணிவரை உறக்கத்தோடு போராடும். படித்ததை நினைவில் நிலைநிறுத்தும் பணி பெரிதும் உறக்கத்திலேயே நடைபெறுகிறது. இரவு முழுதும் விழித்துப் படித்த பிள்ளையின் தளர்ச்சியை எந்தக் காலை உணவும் ஈடுசெய்யாது.

அண்மைக் காலத்திற் பரீட்சை மழைக்காலத்துக்கு மாறியதால் வேறோர் இடர் தோன்றியிருக்கிறது. 2024 நவம்பர் இறுதியில் உயர்தரப் பரீட்சை தொடங்கிய சில நாட்களிலேயே வெள்ளத்தின் காரணமாக நிறுத்தப்பட்டு, டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2025 நவம்பரில் ‘திட்வா’ புயல் நாட்டைத் தாக்கியபோது எஞ்சிய பாடங்கள் 2026 ஜனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டன. மகாவலியின் கடைவாயில் உள்ள மூதூர், சம்பூர்ப் பகுதிக்கு வெள்ளம் புதிதன்று. வெள்ளக் காலத்திற் கிணற்று நீர் மாசுறும், வயிற்றோட்டம் பரவும். பரீட்சை எழுதும் பிள்ளை உள்ள வீட்டில் அந்நாட்களிற் கொதித்தாறிய நீரையன்றி வேறெதனையும் பருகலாகாது. வறுத்த அரிசிமா, பயறு, கடலை, பேரீச்சம்பழம் ஆகியவற்றிற் சிறிது ஈரம் படாமற் சேமித்து வைத்தல் முன்யோசனையாகும்.

சில நாட்களிற் காலையும் பிற்பகலும் இரு வினாத்தாள்கள் எழுத வேண்டிவரும். இடைவேளை உணவே அன்று சோதனை. விடியற்காலையிற் பொதிசெய்த சோறு, வெப்பத்தில் ஆறேழு மணித்தியாலம் கிடந்தபின் திறக்கப்படுகிறது. தேங்காய்ப்பால் சேர்ந்த கறி அதற்குள் பழுதடையக்கூடும். நீர் வற்றச் சமைத்த பருப்பும், எலுமிச்சம் புளி சேர்த்த சோறும், வாழைப்பழமும் அதனிலும் பாதுகாப்பானவை. நண்பகலுக்குப் பின் சோர்வு தோன்றுவது உடலின் இயல்பு. வயிறு புடைக்க உண்டால் அது இருமடங்காகும். அரைப்பங்கு உண்டு, நிழலிற் சிறிது நடந்து, மீண்டும் அமர்வதே அறிவுடைமை.

விரதம் குறித்தும் ஐயம் எழுவதுண்டு. ஐப்பசியிற் கந்தசஷ்டி வருகிறது. சில ஆண்டுகளில் நோன்பு மாதத்திலே பரீட்சைகள் வருகின்றன. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் மூதூர்ப் பிரதேசத்தில் இரண்டும் வீட்டுச் செய்திகளே. கந்தசஷ்டி நோற்கும் பிள்ளை பாலும் பழமும் கொள்ளலாம். பிள்ளைக்காகப் பெற்றோர் நோற்பதும் வழக்கமே. நோன்பு நோற்கும் மாணவர், விடியுமுன் உண்ணும் ஸஹர் உணவைத் தவறவிடாது, மெல்லச் செரிக்கும் தானியமும் பருப்பும் முட்டையும் போதிய நீரும் கொள்ளுதல் வேண்டும். அவர்கள் பகல் வெயிலில் அலையாதிருத்தலும் நன்று.

இதுவரை கூறியது ஒரு நாளின் செய்தி. ஆனால் ஒரு நாள் உணவு செய்யக்கூடியது சிறிதே. வல்லாரை நினைவாற்றலை வளர்க்கும் என்று பல வீடுகளிற் பரீட்சைக் காலையில் வல்லாரைச் சம்பல் அரைக்கின்றனர். நல்ல கீரை அது. உண்பதில் நன்மையே உண்டு. ஆயினும் ஒரு காலையில் உண்ட கீரை, ஓராண்டு படியாத பாடத்தை நினைவிற் கொணராது. கீரைக்கு உரிய காலம் ஆண்டு முழுவதுமே. இரும்புச் சத்துக் குறைவால் வரும் குருதிச்சோகை, வளரும் பெண்பிள்ளைகளிடத்தே பரவலாகக் காணப்படுகிறது. அக்குறையுள்ள பிள்ளை விரைவிற் களைப்படையும். பாடத்தில் ஊன்ற இயலாது வருந்தும். முருங்கையிலை, பொன்னாங்காணி, சிறுமீன், பயறு ஆகியவற்றை மாதக்கணக்கில் உண்பதே அதற்கு முதல் வழி. தேசிக்காய், நெல்லி, கொய்யா ஆகியவற்றிலுள்ள விற்றமின் சி, கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பை உடல் ஏற்கத் துணைபுரியும். உணவோடு பருகும் தேநீர் அதனைத் தடுக்கும். ஆதலாற் தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிப் பருகுதல் நன்று. களைப்பு நீடித்தால் வைத்தியரை நாட வேண்டும்.

இங்கேதான் வினா பிள்ளையை விட்டு வீட்டுக்கும், வீட்டை விட்டு ஊருக்கும் நாட்டுக்கும் செல்கிறது. மீனும் முட்டையும் கீரையும் உண்ணுமாறு அறிவுரை கூறுதல் எளிது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி, உணவின் விலை செப்டம்பரில் முந்தைய ஆண்டின் அதே மாதத்தைக்காட்டிலும் நூற்றுக்கு 94.9 உயர்ந்திருந்தது. உரமின்றி வயல்கள் வாடின. மண்ணெண்ணெயின்றிப் படகுகள் கரையில் நின்றன. அவ்வாண்டிலும் பிள்ளைகள் பரீட்சை எழுதினர். அவர்களின் வினாத்தாள் வசதியுள்ள பிள்ளையின் வினாத்தாளே. வெட்டுப்புள்ளியைக் கணிப்பவர், எவர் உண்டு எழுதினார், எவர் உண்ணாது எழுதினார் என்று பார்ப்பதில்லை.

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதைத் தமிழகம் முன்னரே உணர்ந்தது. 1920இற் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பாடசாலையில் மாணவர்க்கு உணவளிக்கத் தொடங்கியது. முதலமைச்சர் காமராசர் காலத்தில், 1956இல், மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் விரிந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக்கினார். இவை யாவும் நண்பகல் உணவைப் பற்றியன. ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காலை உணவு வழங்கும் அரசுத் திட்டம் மதுரையிற் தொடங்கப்பெற்றது 2022 செப்டம்பர் 15ஆம் நாளிலே. நண்பகலிலிருந்து காலைக்கு வர நூற்றிரண்டு ஆண்டுகள் சென்றன.

இலங்கையில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1980இல் இலவசப் பாடநூலும், 1993இல் இலவசச் சீருடையும் தொடர்ந்தன. பாடசாலை உணவுத் திட்டமும் உண்டு. 2024இல் அது ஆரம்பப் பிரிவு மாணவர் அனைவருக்குமென விரிவாக்கப்பட்டது. சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் அமரும் பெரிய பிள்ளைகளோ அந்தப் பிரிவைக் கடந்தவர்கள். நூலும் உடையும் பெற்ற அவர்கள், மிக நீண்ட பரீட்சைகளை எழுதும் வயதில், உணவுக்கு வீட்டு அடுப்பையே நம்பியிருக்கின்றனர். அந்த அடுப்பு எரியாத வீடுகளும் இருக்கின்றன.

இக்குறையை நீக்கப் பெருந்தொகை வேண்டியதில்லை. பரீட்சை நடைபெறும் நாட்கள் எண்ணத்தக்க சிலவே. பரீட்சை நிலையம் அமைந்த ஊரிற் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும், கோயில், பள்ளிவாசல், தேவாலயப் பரிபாலகரும், பழைய மாணவரும் கூடினால், காலை ஏழு மணிக்கு ஒரு பெரிய பானை இலைக்கஞ்சியும் அவித்த பயறும் வாசலில் வைத்துவிடலாம். எவர் வறியவர் என்று தெரிந்தெடுத்து வழங்குதல் ஆகாது. அனைவருக்கும் பொதுவாக வைத்தால், இல்லாத பிள்ளையும் கூச்சமின்றிக் கை நீட்டும். கோயிற் திருவிழாவில் ஆயிரம் பேருக்கு அன்னதானம் சமைக்கத் தெரிந்த ஊர்களுக்கு இது கடினமான காரியம் அன்று.

சம்பூர் மக்கள் தம் நிலத்துக்கு மீண்டபோது முதலிற் செய்த வேலைகள் காடு வெட்டியதும், கிணறு இறைத்ததும், வேலி கட்டியதும், அடுப்பு மூட்டியதுமே. அவ்வேலைகள் அன்று பிழைப்பாகத் தோன்றின. உண்மையில் அவை கல்விப் பணியும் ஆகும். வேலியோரத்து முருங்கையும் கூட்டிலுள்ள கோழியும், பிள்ளை பரீட்சை மண்டபத்தில் அமரும் நாளுக்கு மாதங்கள் பல முன்னதாகவே அதன் பக்கம் நின்று உழைக்கின்றன.

ஆகவே பரீட்சை நாளன்று பிள்ளைக்கு வேண்டியவை மிகச் சில. முந்தின இரவு நல்ல உறக்கம், காலையில் நேரத்தோடு, பழகிய உணவு, அளவோடு, போதிய நீர், அமைதியான ஒரு சொல். இவற்றைக் கொடுக்கக்கூடிய வீடு கொடுக்கட்டும். கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு ஊர் கொடுக்கட்டும். வினாத்தாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக இருப்பதுபோல, அதன்முன் அமரும் வயிறும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நிறைந்திருக்கும் நாளிலேதான் அந்தப் பரீட்சை உண்மையில் அறிவைச் சோதிக்கும் பரீட்சையாகும்.